டெபியன் பொதியில் ஒரு வரி திருத்த: குவில்டா, ஜிபிபியா, டிகிட்டா?

லினக்ஸ் இயங்குதளமான டெபியனில் ஒரு மென்பொருளின் ஒரே ஒரு வரியைத் திருத்த வேண்டும். உரிமம் அனுமதிக்கிறது, மூலநிரலும் கிடைக்கிறது. ஆனாலும் புதியவர்கள் பலர் வாசலிலேயே திரும்பிவிடுகிறார்கள். அந்த மென்பொருளின் பொதியை (package) பராமரிப்பவர் எப்படி வேலை செய்கிறார் என்பதைக் கற்றுக்கொண்ட பிறகுதான் அந்த வரியைத் தொட முடிகிறது.

பொதியின் மூலநிரலைத் தரும் பழைய 1.0 வடிவத்தில் மூலநிரலைச் சுருட்டிய டார் கோப்பும், டெபியன் செய்த மாற்றங்களைப் பட்டியலிடும் ஒரே ஒரு டிஃப்பும் இருக்கும். எல்லா மாற்றங்களும் ஒரே மூட்டை. எது எதற்காக என்று பிரித்தறிவது பெரும்பாடு. அதை விட்டுவிடலாம்.

பேட்ச்களைக் கையாளும் குவில்ட் கருவியின் பெயரைத் தாங்கிய 3.0 குவில்ட் வடிவம் படிப்பவருக்குப் பெரிய வரம். ஒவ்வொரு மாற்றமும் தனி பேட்ச், அதாவது தனித் திருத்தக் கோப்பு; எந்த வரிசையில் ஒட்ட வேண்டும் என்பது சீரிஸ் கோப்பில் இருக்கும். ஆனால் திருத்துபவருக்கு ஒரு கண்ணி உண்டு. கோப்பைத் தொடுவதற்கு முன்பே 'குவில்ட் ஆட்' கொடுத்துவிட வேண்டும். நான் ஒருமுறை திருத்திவிட்டு அப்புறம் கொடுத்தேன். திருத்திய வடிவத்தையே பழைய வடிவம் என்று அது எடுத்துக்கொண்டது. 'ரிஃப்ரெஷ்' செய்தால் பேட்ச் காலி! அரை மணி நேரம் முழித்தேன். இஷ்டம்போல் திருத்திவிட்டுக் கடைசியில் 'டிபிகேஜி-சோர்ஸ் --கமிட்' கொடுத்தால், பெயர் கேட்டு அதுவே பேட்ச் எழுதிவிடும் என்று அன்று யாராவது சொல்லியிருக்கலாம்.

ஜிபிபி, அதாவது கிட்-பில்ட்பேக்கேஜ், நிரலின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கிட்டில் பொதியை வைத்திருக்கும் பராமரிப்பாளருக்கு அருமையான கருவி. 'ஜிபிபி பிகியூ இம்போர்ட்' கொடுத்தால் ஒவ்வொரு பேட்சும் ஒரு கமிட்டாக, அதாவது கிட்டில் பதிந்த ஒரு மாற்றமாக, விரியும். வேலை முடிந்ததும் 'எக்ஸ்போர்ட்' செய்தால் மறுபடி பேட்ச்களாகிவிடும். மென்பொருளை முதலில் எழுதும் மூலத் திட்டத்திலிருந்து புதிய பதிப்பு வரும்போது பழைய பேட்ச்களை அதன்மேல் பொருத்த இது நல்ல துணை. ஆனால் இப்படிப் பராமரிக்கும் களஞ்சியங்கள் பெரும்பாலும் பேட்ச் ஒட்டாத நிரலையே வைத்திருக்கும். டெபியனின் கிட் தளமான சல்சாவிலிருந்து குளோன் செய்பவர் (நகலெடுப்பவர்) பார்க்கும் நிரல் வேறு, அவர் கணினியில் ஓடும் நிரல் வேறு. இதை முன்கூட்டியே சொல்ல அங்கே ஆளில்லை.

டெபியன் உருவாக்குநர் இயான் ஜாக்சன் 2013-இல் தொடங்கிய டிகிட் இந்தச் சிக்கலைத்தான் தீர்க்கிறது. 'டிகிட் குளோன்' என்று பொதியின் பெயரைக் கொடுத்தால், டெபியன் காப்பகத்தில் உள்ள நிரல், பேட்ச் எல்லாம் ஒட்டப்பட்டு, சாதாரண கிட் கிளையாக வந்து நிற்கும். திருத்து, கமிட் செய், பொதியாகக் கட்டு, அவ்வளவுதான். பராமரிப்பாளர் டிகிட் வழியாகப் பதிவேற்றாத பொதிகளில் முழு வரலாறு கிடைக்காது, டிகிட்டே தொகுத்த சுருக்கம்தான் இருக்கும். ஒரு வரி திருத்த வந்தவருக்கு அது போதும்.

ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தின் 2-ஆம் பதிப்பு, மூலநிரல் என்றாலே மாற்றம் செய்ய விரும்பப்படும் வடிவம் என்றுதான் வரையறுக்கிறது. அந்த வரையறைக்கு மிக நெருக்கமாக நிற்பது டிகிட் என்பதால், புதியவர் யார் கேட்டாலும் அதையே சொல்வேன். பராமரிப்பாளர் குவில்டையே வைத்திருந்தாலும் சரி, பேட்ச் தலைப்புக்கான டெபியன் வழிகாட்டியான டெப்-3 சொல்கிறபடி ஒவ்வொரு பேட்சின் தலையிலும் அது ஏன் வந்தது, மூலத் திட்டத்துக்கு அனுப்பியாயிற்றா என்று இரண்டு வரி எழுதிவிடுங்கள். அடுத்து திறப்பவருக்கு உங்களைத் தேடி அஞ்சல் அனுப்பும் வேலை மிச்சம்.