தக்காளி இலைக்கு ஒரு பத்து மடங்கு லென்ஸ்

மதுரை தெற்காவணி மூல வீதிப் பக்கம், நகைப் பட்டறைச் சாமான் விற்கிற கடை ஒன்றில் 450 ரூபாய் கொடுத்து வாங்கிய மடக்கு லென்ஸைப் பற்றி எழுதுகிறேன். வாங்கியது நகை பார்க்க இல்லை. நர்சரியிலிருந்து கொண்டுவந்த தக்காளிச் செடிக்கு என்ன சீக்கு என்று பார்க்க. மாடியில் நாலு தொட்டி தக்காளி வைத்திருக்கிறவர்கள் மருந்து வாங்கக் கிளம்பும் முன் இதைத்தான் வாங்க வேண்டும்.

எனக்குத் தொழில் வாட்ச் ரிப்பேர். திண்டுக்கல்லில் 31 வருடமாகப் பார்க்கிறேன். மேஜையில் கண்ணில் இடுக்கிக்கொள்கிற ஐகிளாஸ் நாலு கிடக்கிறது. அவை மூன்று, நாலு மடங்குதான் பெரிதாக்கும். கை வேலைக்கு அதுதான் தோது. கண்ணுக்கும் வாட்ச்சுக்கும் நடுவே ஸ்க்ரூடிரைவர் போய்வர இடம் வேண்டுமே. இலை பார்க்க அது பற்றவில்லை.

போன ஐப்பசியில், மழை பிடித்த நேரம், பழனி ரோட்டில் ஒரு நர்சரியில் செடி பத்து ரூபாய் என்று எட்டு தக்காளி வாங்கினேன். நர்சரியின் பெயர் வேண்டாம். பார்க்கக் கருகருவென்று நன்றாகத்தான் இருந்தன. தொட்டிக்கு மாற்றி எட்டாம் நாள், வீட்டுக்காரி ஒரு இலையைக் கிள்ளிக்கொண்டு வந்து காட்டினாள். அடி இலைகளில் மட்டும் பொட்டுப் பொட்டாகப் பழுப்புப் புள்ளி, சுற்றிலும் லேசான மஞ்சள்.

அந்த இலையோடு நர்சரிக்கே போனேன். அந்தத் தம்பி கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "சத்துக் குறைவுண்ணே. எப்சம் உப்பு கரைச்சு ஊத்துங்க, சரியாப் போயிரும்" என்றார். வீட்டுக்கு வந்து, செல்போனில் இலையைப் படம் எடுத்தால் நோய் சொல்கிற ஆப் ஒன்றில் கேட்டேன். காலை வெயிலில் எடுத்த படத்துக்கு முன்பருவக் கருகல் என்றது. சாயந்திரம் அதே இலையை டியூப்லைட்டில் எடுத்தால் பாக்டீரியா புள்ளி என்றது. ஒரே இலைக்கு மூன்று பேச்சு. ஒன்றுக்கு உப்பு, ஒன்றுக்குப் பூஞ்சாண மருந்து, ஒன்றுக்குத் தாமிரம் கலந்த மருந்து. சாப்பிடுகிற காய்க்கு இப்படி ஆளுக்கொன்று சொல்ல ஒவ்வொன்றாக அடித்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் மதுரைக்கு ஸ்பேர் வாங்கப் போனபோதுதான் இந்த லென்ஸை எடுத்தேன்.

மூன்று கண்ணாடியைச் சேர்த்து ஒட்டிய லென்ஸ் இது. ஓரம் வரைக்கும் கோடு வளையாமல், வானவில் நிறம் கசியாமல் தெரிகிறது. 10 மடங்கு என்று பொறித்திருக்கிறது, அது உண்மை. இதைச் சொல்லக் காரணம் உண்டு. இதற்கு முன் ஆன்லைனில் 199 ரூபாய்க்கு 30 மடங்கு என்று போட்ட ஒன்றை வாங்கியிருந்தேன். லென்ஸை எவ்வளவு தூரத்தில் வைத்தால் பொருள் தெளிகிறது என்று பார்த்தாலே அதன் சக்தி தெரிந்துவிடும். 250 மில்லிமீட்டரை மடங்கால் வகுக்க வேண்டும். 10 மடங்குக்கு 25 மில்லிமீட்டர், 30 மடங்கு என்றால் 8 மில்லிமீட்டரும் கொஞ்சமும்தான் வரும். அந்த 30 மடங்குக்காரன் ஸ்கேல் வைத்து அளந்தால் 25 மில்லிமீட்டரில் தெளிந்தான். ஓரமெல்லாம் நீலமும் மஞ்சளுமாகக் கலங்கல் வேறு. எண்ணைப் பெரிதாகப் போட்டு விற்கிறார்கள், ஏமாறாதீர்கள்.

பிடிக்கிற விதம் முக்கியம். பலர் லென்ஸை இலைமேல் வைத்துக்கொண்டு தலையைத் தூக்கிப் பார்க்கிறார்கள். அப்படியில்லை. லென்ஸ் கண்ணோடு ஒட்டியிருக்க வேண்டும். இலைதான் லென்ஸை நோக்கி வர வேண்டும், இரண்டு விரல் இடைவெளிக்கும் குறைவாக. இலையைப் பிடித்த கை கன்னத்தில் முட்டுக்கொடுத்து நின்றால் ஆட்டம் இருக்காது. வெளிச்சம் தோள் பக்கத்திலிருந்து விழ வேண்டும்.

முதன்முதலில் பார்த்தபோது எனக்குப் பகீரென்றது. இலை முழுக்க மயிர், ஒவ்வொரு மயிர் நுனியிலும் ஒரு சின்னக் குண்டு. பூச்சி முட்டை என்றே நினைத்துவிட்டேன். பிறகு நோயில்லாத செடியிலும் பார்த்தேன், அதிலும் அப்படியேதான் இருந்தது. அது தக்காளியின் சொந்தச் சரக்கு. செடியைத் தொட்டால் விரலில் பச்சையும் மஞ்சளுமாகக் கறை ஒட்டி வாசம் அடிக்கிறதே, அந்தக் குண்டு உடைந்துதான். அதனால், வாங்கியவுடன் நல்ல இலையை ஒரு பத்து நிமிஷம் பார்த்துப் பழகிவிட்டுச் சீக்கு இலைக்கு வாருங்கள்.

இப்போது அந்தப் புள்ளி. வெறும் கண்ணுக்கு வெறும் பழுப்பு. லென்ஸில் பார்த்தால் ஓரம் கருத்த வரப்பு மாதிரி, நடுவில் சாம்பல் நிறம். ஒவ்வொன்றும் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் அகலம். அந்தச் சாம்பலுக்குள் கருப்பாகச் சின்னச் சின்ன முனைகள், ஒரு புள்ளியில் ஏழெட்டு. வாட்ச்சில் பேலன்ஸ் வீல் அச்சின் நுனி எவ்வளவு இருக்குமோ, அந்த அளவு. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதைப் பார்த்துப் பழகிய கண் என்பதால் எனக்கு உடனே பிடிபட்டது.

விவசாயிகளுக்கு யோசனை சொல்கிற அரசாங்கத்தின் கிசான் கால் சென்டருக்குப் போன் போட்டேன். 1800-180-1551, காசு கிடையாது, காலை 6 முதல் இரவு 10 வரை, தமிழிலேயே பேசுகிறார்கள். "சாம்பல் நடு, அதுக்குள்ள கருப்பு முனை" என்று சொன்னதும் எதிரே பேசிய அம்மா, "வளையம் வளையமா இருக்கா சார்?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப செப்டோரியா இலைப்புள்ளிதான்" என்றார். அது பூஞ்சையால் வருகிற நோய்.

அந்த ஒரு கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. முன்பருவக் கருகல் என்றால் புள்ளி பெரிதாக, சென்டிமீட்டர் வரைகூடப் போகும். உள்ளே வட்டத்துக்குள் வட்டம். பழைய வாட்ச்சின் பின்மூடியைக் கழற்றினால் உள்பக்கம் கடைசல் வரி சுற்றிச் சுற்றி ஓடும், அச்சு அப்படியே. பாக்டீரியா புள்ளி என்றால் கருப்பு முனையே இருக்காது. எண்ணெய் பட்டது போல ஈரப் பளபளப்பு இருக்கும். மெக்னீசியம் குறைவுக்கு இப்படிப் புள்ளி விழாது. நரம்பு பச்சையாக நிற்க, இடைப்பகுதி மட்டும் மஞ்சளிக்கும். எப்சம் உப்பு அதற்கானது.

உறுதி செய்துகொள்ள இன்னொன்றும் செய்தேன். டிபன் பாக்ஸில் நனைத்த செய்தித்தாளைப் போட்டு, இரண்டு இலையை வைத்து மூடி ராத்திரி முழுக்க விட்டேன். காலையில் லென்ஸில் பார்த்தால் அந்தக் கருப்பு முனைகள் சிலவற்றிலிருந்து வெளிறிய பசை பிதுங்கி நின்றது, டியூப்பிலிருந்து பேஸ்ட் வருகிற மாதிரி. அதுதான் பூஞ்சையின் வித்து. ஒரு மழைத்துளி அதன்மேல் விழுந்து தெறித்தால் பக்கத்து இலைக்குப் போய்விடும். நாங்கள் ஹோஸ் பைப்பில் தலைக்குமேல் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தோம்! அன்றோடு நிறுத்தினோம். நர்சரியிலும் குழித்தட்டுகளை நெருக்கி அடுக்கி மேலிருந்துதான் தெளிக்கிறார்கள்.

புள்ளி விழுந்த அடி இலைகளை எல்லாம் கிள்ளிப் பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்பினோம், எருக்குழியில் போடவில்லை. மண்மேல் காய்ந்த சருகு பரப்பி, செம்பில் மொண்டு வேரில் மட்டும் ஊற்றினோம். ஒட்டன்சத்திரம் பக்கம் தக்காளி போடுகிற மச்சினன், "மேங்கோசெப் லிட்டருக்கு ரெண்டு கிராம், அதுக்கு மேல வேணாம் மச்சான்" என்றான். அது பூஞ்சாண மருந்து. கையுறையும் முகமூடியும் போட்டு, பத்து நாள் இடைவெளியில் இரண்டு தடவை அடித்தேன். காய் பிடிக்கும் முன்பே அடித்து முடித்துவிட்டேன். எட்டில் இரண்டு போய்விட்டன. ஆறு தேறின. பொங்கலுக்கு வீட்டுத் தக்காளியில் ரசம்.

லென்ஸுக்கு எட்டாததும் உண்டு. இலைச்சுருள் வைரஸ் எந்தக் கை லென்ஸிலும் தெரியாது. ஆனால் அதைத் தூக்கிவரும் வெள்ளை ஈயின் குஞ்சு தெரியும்: இலையின் அடியில், வெளிர்மஞ்சளாக, தட்டையாக, ஒட்டி வைத்த செதில் மாதிரி அசையாமல் கிடக்கும். நுனி இலை சிறுத்துச் சுருண்டு, அடியில் இதுவும் இருந்தால் அந்தச் செடியைப் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. தக்காளித் தண்டைச் செம்பு நிறமாக்கும் சிலந்திப்பேன் ஒன்று உண்டு, அதற்கும் பத்து மடங்கு பற்றாது. செடி பச்சையாக இருக்கும்போதே திடீரென்று தொங்கிப் போனால் லென்ஸே வேண்டாம். அடித்தண்டை வெட்டிக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நிறுத்துங்கள். சில நிமிஷத்தில் வெட்டுவாயிலிருந்து பால் போல இழை இறங்கினால் பாக்டீரியா வாடல். அந்தத் தொட்டி மண்ணில் மறுபடி தக்காளி, கத்தரி, மிளகாய் வைக்கக் கூடாது.

தை மாதம் அதே நர்சரிக்குப் போனேன். இந்தத் தடவை பணம் எடுக்கும் முன் லென்ஸை எடுத்தேன். ஒவ்வொரு செடியிலும் அடி இலை இரண்டைத் திருப்பிப் பார்த்தேன். அந்தத் தம்பிக்கு முதலில் முகம் சுருங்கியது. ஒரு தட்டில் அதே சாம்பல் நடு இருந்தது. லென்ஸை அவர் கையிலேயே கொடுத்து, எப்படிப் பிடிப்பது என்று காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். ஒன்றும் பேசாமல் அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு போய் மோட்டார் ரூமுக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தார். வேறு தட்டிலிருந்து ஆறு செடி எடுத்துக்கொண்டேன்.

லென்ஸில் ஒரே குறை, மடக்குகிற இடத்து ஸ்க்ரூ. இரண்டு மாதத்தில் தளர்ந்துவிட்டது. பட்டறையில் முறுக்கி ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்தேன், அப்புறம் அசையவில்லை. உங்களுக்கும் தளர்ந்தால் மூக்குக்கண்ணாடிக் கடையில் கேளுங்கள், அந்த அளவு ஸ்க்ரூடிரைவர் அவர்களிடம் இருக்கும்.