4558-ஐக் கழற்றிவிட்டு எதை மாட்டலாம்?

நம் ஊரில் அசெம்பிள் செய்யும் ஆம்பிளிஃபயரின் பேஸ்-ட்ரெபிள் போர்டில் பெரும்பாலும் 4558 என்ற எட்டுக்கால் ஐசிதான் இருக்கும். சாக்கெட்டில் மாட்டியிருந்தால் கை சும்மா இருக்காது. அதற்குப் பதில் போடலாம் என்று வழக்கமாக அடிபடும் பெயர்கள் நான்கு: டிஎல்072, என்இ5532, ஓபிஏ2134, எல்எம்4562. நான்கும் இரட்டை ஆப்-ஆம்ப்கள் (சிக்னலைப் பெருக்கும் சுற்று இரண்டு ஒரே ஐசிக்குள்), கால் வரிசையும் 4558-க்கு உள்ளதுதான். மாட்டிப் பார்ப்பது சுலபம்.

வேகத்தை முதலில் முடித்துவிடலாம். ஸ்லூ ரேட், அதாவது வெளியீட்டு வோல்டேஜ் மாறக்கூடிய உச்ச வேகம், 4558-க்கு மைக்ரோ நொடிக்குச் சுமார் 1 வோல்ட், 5532-க்கு 9, 2134-க்கும் 4562-க்கும் 20. சிடி பிளேயர் தரும் 2 வோல்ட் சிக்னல் 20 கிலோஹெர்ட்ஸில் முழு அளவில் வந்தாலும் 0.36 போதும். 4558 கூடத் தாங்கும். டிஸ்டார்ஷனும் (சிக்னலின் வடிவம் சிதைவது) அப்படித்தான். டேட்டாஷீட்டில் 2134-க்கு 0.00008 சதவீதம், 4562-க்கு 0.00003. ஸ்பீக்கர் தன் பங்குக்குச் சேர்ப்பதோ இதைப்போல ஆயிரம் மடங்குக்கும் மேல். இந்த வித்தியாசத்தைக் காதால் பிரித்துச் சொல்கிறேன் என்பவரோடு நான் வாதாடுவதில்லை, நம்புவதுமில்லை.

காதுக்கு எட்டக்கூடியது இரைச்சல், அந்த 'உஸ்' சத்தம். விலை கூடிய ஐசி தோற்கிற இடமும் இதுதான்.

ஆப்-ஆம்புக்கு வோல்டேஜ் இரைச்சல், கரண்ட் இரைச்சல் என இரண்டு உண்டு. விளம்பரத்தில் வருவது முதலாவது மட்டும். ரூட் ஹெர்ட்ஸுக்கு (இரைச்சலை அளக்கும் வழக்கமான கணக்கு) 072-க்கு 18 நானோவோல்ட், 2134-க்கு 8, 5532-க்கு 5, 4562-க்கு 2.7. இதைப் பார்த்தால் 4562-க்கு எதிரியே இல்லை. ஆனால் அதன் கரண்ட் இரைச்சல் 1.6 பிகோஆம்பியர். 5532-க்கு 0.7. 072, 2134 இரண்டும் ஃபெட் (கரண்டை அனேகமாக இழுக்காத டிரான்சிஸ்டர் வகை) உள்ளீடு கொண்டவை, அவற்றில் இது அனேகமாக இல்லை. கரண்ட் இரைச்சல் முன்னால் இருக்கும் ரெசிஸ்டன்ஸோடு பெருகும்.

50 கே (கிலோ ஓம்) வால்யூம் கண்ட்ரோலுக்கு அடுத்து ஆப்-ஆம்ப் இருக்கிறது, குமிழ் மின்னளவில் பாதியில் நிற்கிறது என்று வையுங்கள். மேல் பாதி 25 கே-யும் கீழ்ப் பாதி 25 கே-யும் இணையாகச் சேர்வதால் ஐசிக்குத் தெரியும் ரெசிஸ்டன்ஸ் 12.5 கே. அதன் சொந்த இரைச்சலே 14 நானோவோல்ட்டுக்கு மேல். எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால் 2134-க்கு சுமார் 16.5, 5532-க்கு 17.6, 072-க்கு 23, 4562-க்கு 25. ஆமாம், மலிவான 072-ஐ விட மோசம்! அதே கண்ட்ரோலை 10 கே ஆக மாற்றினால் கணக்கு புரண்டுவிடும்: 4562, 5532 இரண்டும் 8-ஐ ஒட்டி, 2134 பத்துக்கு மேல், 072 பத்தொன்பதில். ஆக, ஐசியைத் தேர்வதற்கு முன் அதற்கு முன்னால் இருக்கும் குமிழின் மதிப்பைப் படிக்க வேண்டும்.

5532-க்கு இன்னொரு குறை: உள்ளீட்டு பயஸ் கரண்ட் (உள்ளீட்டுக் காலில் எப்போதும் ஓடும் சிறு கரண்ட்) 200 நானோஆம்பியர் வரும். நடுவில் கப்பாசிட்டர் இல்லாமல் நேரடியாக இணைத்திருந்தால் குமிழைத் திருகும்போது கரகரக்கும். அங்கே 2134-தான் என் தேர்வு. மற்றபடி 600 ஓம் சுமையையும் அலுங்காமல் இழுக்கும் 5532-ஐ மிஞ்ச, அந்த விலைக்கு ஆள் இல்லை. 1980களிலிருந்து ஸ்டூடியோ மிக்ஸர்களில் நிறைந்து கிடப்பதும் இதுதான். நாம் கேட்கும் பாட்டு வீட்டுக்கு வருமுன்பே எத்தனையோ 5532-களைக் கடந்திருக்கும். 072 கனமான சுமையில் திணறும், அதை எடுத்துவிட்டு 5532 போட்டால் பலன் தெரிய வாய்ப்புண்டு.

மாற்றிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதிலும் ஒரு சிக்கல். ஐசியைப் பிடுங்கி அடுத்ததை மாட்டும் சில நிமிடங்களில் முந்தைய ஒலி நினைவிலிருந்து நழுவிவிடும். ஒரே மாதிரி இரண்டு போர்டு, நடுவில் ஒரு சுவிட்ச், எது ஓடுகிறது என்று தெரியாமல் கேட்பது — இப்படிச் செய்தால்தான் ஒப்பீடு.

அப்புறம், 4562-இன் பேண்ட்வித் (அது பெருக்கக்கூடிய அலைவரிசையின் எல்லை) 55 மெகாஹெர்ட்ஸ். 3 மெகாஹெர்ட்ஸ் 4558-க்காக வரைந்த பழைய போர்டில், சப்ளை கால்களுக்குப் பக்கத்தில் 0.1 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் இல்லையென்றால், காதுக்கு எட்டாத அலைவரிசையில் அது தானாக ஆசிலேட் ஆக, அதாவது சிக்னல் இல்லாமலே அலை எழுப்பத் தொடங்கலாம். ஸ்பீக்கரில் வருவது ஒரு மாதிரியான கூர்மை, அதையே 'டீட்டெயில் கூடிவிட்டது' என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. ஐசியின் முதுகில் விரலை வைத்துப் பாருங்கள். வழக்கத்தைவிடச் சுட்டால் உடனே கழற்றி, அந்தக் கப்பாசிட்டரைப் போட்டுவிட்டு மாட்டுங்கள்.