கச்சான் காற்றில் எந்த சேர்விஸ்?

தங்கச்சியின் மகளுக்குப் பதினான்கு வயது. பாடசாலைக் கரப்பந்து அணியில் இடம் கிடைத்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அதற்குள் "அண்டர் சேர்விஸ் இனிச் சரிவராது, மேலால் அடிக்கப் பழகிக்கொண்டு வா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். (சேர்விஸ் என்றால் பின்கோட்டிலிருந்து பந்தை எதிர்ப்பக்கம் அனுப்பி ஆட்டத்தைத் தொடங்கும் அடி. அண்டர் என்பது கையைக் கீழிருந்து வீசி அடிப்பது.) எப்படி அடிப்பது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. அன்று பின்னேரமே பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். திருகோணமலை டச்சுக் குடாக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவளுடைய அண்ணனும் பின்னால் வந்தான். அவனுக்குப் பத்தொன்பது வயது, கழகத்துக்கு விளையாடுகிறவன். வந்தது தங்கச்சிக்கு உதவவா, என்னோடு வாதாடவா என்று இன்னும் எனக்குத் தெரியாது.

மேலால் அடிப்பது என்று எல்லாரும் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் பழகுகிறவர் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. நின்ற இடத்தில் நின்று பந்து சுழலாமல் அனுப்பும் புளோட். நின்றபடியே மணிக்கட்டை மடக்கிச் சுழற்றி அடிக்கும் டொப்ஸ்பின். ஓடிவந்து எழும்பி அடிக்கும் ஜம்ப். நான் புளோட்டின் பக்கம். மருமகன் டொப்ஸ்பின்னின் பக்கம். மருமகள் அன்றைக்கு யூடியூப்பில் பார்த்த ஜம்ப்பின் பக்கம்.

முதலில் அண்டரைப் பற்றி ஒரு வார்த்தை. அதை வெட்கப்படும் விஷயமாக்கியது சரியல்ல. 1980களில் பிரேசிலின் பெர்னார்ட் ராஜ்ஸ்மன் கீழிருந்தே பந்தை வானத்துக்கு அனுப்பி எதிரணியைத் திணறடித்தார். ஆனால் அது வேறு வித்தை. நம் பிள்ளைகள் அடிக்கும் சாதாரண அண்டர், எதிரில் நிற்பவர் கையைத் துடைத்துவிட்டு வந்து எடுக்கும் அளவுக்கு நேரம் கொடுக்கும். எனவே மாறத்தான் வேண்டும்.

மாறும்போது எல்லாப் பிள்ளையும் விடும் பிழை ஒன்று உண்டு. தொலைக்காட்சியில் பெரிய ஆட்டக்காரர்கள் பந்தைக் கீழ் நோக்கி அறைவதைப் பார்த்துவிட்டு அதையே செய்யப் பார்ப்பார்கள். கணக்கைப் பாருங்கள். பெண்களுக்கான வலையின் உயரம் 2.24 மீற்றர். மருமகள் கையை உயர்த்தினால் விரல் நுனி ஏறக்குறைய 1.95 மீற்றருக்குப் போகும். உள்ளங்கை பந்தில் படும் இடம் அதற்கும் கீழே. அதாவது அவள் அடிக்கும் பந்து ஒன்பது மீற்றர் தள்ளி நிற்கும் வலையைத் தாண்ட வேண்டுமென்றால் மேல் நோக்கித்தான் புறப்பட வேண்டும். அன்று அவள் அடித்த முதல் ஆறு பந்தில் ஐந்து வலையில் விழுந்ததற்குக் காரணம் பலக்குறைவு அல்ல, இதுதான். "வலையைப் பார்க்காதே, எதிர்க்கோட்டுக்கு மேலே ஒரு தென்னங்குருத்து நிற்பதாக நினைத்து அதைப் பார்" என்றேன். ஏழாவது போனது. கோர்ட்டுக்கு வெளியேதான், ஆனாலும் போனது.

சரி, புளோட்டுக்கு வருவோம்.

புளோட்டில் பந்து சுழலாது. சுழலாத பந்தைச் சுற்றி ஓடும் காற்று ஒரு பக்கம் முந்தியும் மறுபக்கம் பிந்தியும் பிரிந்து, அந்தப் பிரிவும் கணத்துக்குக் கணம் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் பந்து நேராக வருவதுபோல் வந்து, கடைசியில் ஒரு சாண் விலகும் அல்லது சட்டென்று விழும். எடுக்கிறவருக்கு எரிச்சல் வரும். பழகுகிறவருக்கு இதைவிடப் பெரிய நன்மை, அசைவுகள் குறைவு. பந்தை இடது கையில் வலது தோளுக்கு நேரே, ஒரு முழங்கை நீளம் முன்னால் பிடிக்கிறோம். அரை மீற்றர் மட்டும் தூக்குகிறோம். இடது காலை ஒரு எட்டு முன்னே வைக்கிறோம். முழங்கை முதலே உயர்ந்து பின்னால் போயிருக்க வேண்டும். மணிக்கட்டை இறுக்கி, உள்ளங்கையின் அடிமேட்டால் பந்தின் நடுவில் ஒரே தட்டு. தட்டியதும் கை அங்கேயே நிற்க வேண்டும், கதவைத் தள்ளிவிட்டு நிறுத்தியதுபோல. சத்தத்திலேயே தெரிந்துவிடும். சரியாகப் பட்டால் 'டப்' என்று கட்டையாகக் கேட்கும், விரல்கள் பட்டால் 'சளக்' என்று கேட்கும்.

சுழன்றதா இல்லையா என்று பார்க்கவும் ஒரு சுலபமான வழி இருக்கிறது. இப்போது எல்லாரிடமும் இருப்பது மஞ்சளும் நீலமும் கலந்த பந்துதானே. பறக்கும்போது இரண்டு நிறமும் பிரிந்து தெரிந்தால் புளோட், குழம்பிப் பச்சைபோலத் தெரிந்தால் சுழன்றிருக்கிறது. மருமகளை நான் அடிக்க விட்டுவிட்டு, "என்ன நிறம்?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் கேட்காமலேயே "பச்சை, மாமா" என்று அவளே சொல்லத் தொடங்கிவிட்டாள்.

டொப்ஸ்பின்னுக்காக மருமகன் சொல்லும் நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும், அது நல்ல நியாயம். மேலிருந்து முன்னோக்கிச் சுழலும் பந்தைக் காற்று கீழே அழுத்தும். எனவே பலமாக அடித்தாலும் கோட்டுக்குள் வந்து விழும். புளோட்டில் கொஞ்சம் பலம் கூடினால் பந்து வெளியே. டொப்ஸ்பின்னில் பலத்துக்கு ஒரு கடிவாளம் இருக்கிறது. அதோடு அந்தக் கைவீச்சு ஸ்மாஷ் அடிக்கும் கைவீச்சுக்கு நெருங்கியது, ஒன்றைப் பழகினால் மற்றதும் பாதி வந்துவிடும். "புளோட் பழகினவளுக்கு ஸ்மாஷ் திரும்பப் பழக்க வேண்டும், மாமா" என்கிறான். அதில் பொய் இல்லை.

ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை டொஸ்ஸில், அதாவது அடிக்குமுன் பந்தைத் தூக்கிப்போடுவதில், இருக்கிறது. டொப்ஸ்பின்னுக்குப் பந்தை உயரத் தூக்க வேண்டும், கை வளைந்து பந்தின் முதுகில் ஏறி இறங்க நேரம் வேண்டுமே. கைக்கு மேலே ஒன்றரை மீற்றர் தூக்கினால் பந்து ஏறி இறங்க ஏறக்குறைய ஒரு செக்கன் ஆகும். புளோட்டுக்கு அரை மீற்றர் தூக்கி உச்சியில் தட்டினால் மூன்றில் ஒரு செக்கன். உள்ளரங்கில் இது பெரிய வித்தியாசம் இல்லை. திருகோணமலைக் கடற்கரையில், அதுவும் வைகாசி தாண்டிக் கச்சான் இறங்கின பிறகு, இதுதான் முழு வித்தியாசமும். மேற்கிலிருந்து தரையைத் தடவிச் சூடாக வந்து கடலுக்குள் இறங்கும் காற்று அது. கரையோரமாக நீளவாட்டில் கோர்ட் போட்டால் பக்கவாட்டில் அடிக்கும். ஒரு செக்கன் மேலே நிற்கும் பந்தை அது ஒரு சாண் கடல் பக்கம் தள்ளிவிடும். மருமகன் அன்று காட்டிக்கொடுக்கிறேன் என்று தூக்கின மூன்று பந்தில் இரண்டை ஓடிப்போய்த்தான் அடித்தான். மூன்றாவது அலைக்குள் போனது. நனைந்து கனத்து வந்த பந்தோடு பிறகு யாருக்கும் அடிக்க மனம் வரவில்லை, பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்து கச்சான் கொட்டை தின்றோம். (காற்றுக்கும் கடலைக்கும் ஒரே பெயர் வைத்த ஊர் நம்முடையது.)

பிழைத்த டொஸ்ஸைக் கீழே விழவிட்டு மறுபடி தூக்கலாமே என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். இன்றைய விதியில் அது நடக்காது. பந்து ஒருமுறை கையை விட்டுப் போனால் அதையே அடிக்க வேண்டும், விட்டுவிட்டால் புள்ளி எதிரணிக்கு. விசில் அடித்த பிறகு எட்டு செக்கன் கிடைக்கிறது. அந்த எட்டு செக்கனில் காற்று ஒரு மூச்சு விடும் இடத்துக்குக் காத்திருந்து குட்டையாகத் தூக்குகிறவள்தான் இங்கே பிழைப்பாள். விதி மாறியது நல்லதுக்கும்தான். நான் விளையாடத் தொடங்கியபோது பின்கோட்டின் வலது மூலையில் மூன்று மீற்றருக்குள் நின்றுதான் சேர்விஸ் போட முடியும். 1994க்குப் பிறகு ஒன்பது மீற்றர் அகலமும் நம்முடையது. பக்கக் காற்றில் எந்த மூலையில் நிற்பது என்று தேர்ந்தெடுக்கும் வசதி அப்போது எங்களுக்கு இருக்கவில்லை. காற்று கடல் பக்கம் தள்ளுமென்றால் கடலுக்கு எதிர்ப்பக்க மூலையில் நின்று குறுக்கே அடிக்காமல் நேரே அடித்தால், பந்து தானாகவே கோர்ட்டின் நடுவுக்கு நகர்ந்து விழும்.

காற்று முன்னாலிருந்து வந்தால்? புளோட் இன்னும் அதிகமாக ஆடும், ஆனால் சீக்கிரம் விழும், கொஞ்சம் கூட்டி அடிக்க வேண்டும். டொப்ஸ்பின்னும் சீக்கிரம் குத்தி இறங்கும், வலையில் விழும் அபாயம் உண்டு. பின்னாலிருந்து வந்தால் மருமகன் சொல்வது சரி. புளோட் ஆட்டத்தை இழந்து நீண்டு வெளியே போகும், டொப்ஸ்பின்தான் உள்ளே விழும். அந்த ஒரு நிலைமையில் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, அது என் சொந்த வயிற்றெரிச்சல். பதினேழு வயதில் எனக்கு முதலில் பழக்கியதே டொப்ஸ்பின். முழங்கை எங்கே இருக்க வேண்டும் என்று சொல்லித்தராமல், ஒரு நாளைக்கு நூறு அடி என்று கணக்கு மட்டும் வைத்தார் பழக்கினவர். மணிக்கட்டு மடங்காத குறையைத் தோளால் ஈடுகட்டினேன். அந்த வருடப் போட்டியில் தொடர்ந்து நான்கு சேர்விஸை வலைக்குள் கொடுத்தேன். தோற்றதை மறந்துவிட்டேன், தோளை மறக்க முடியவில்லை. இன்றைக்கும் பல்பு மாற்றக் கையைத் தூக்கினால் ஞாபகப்படுத்தும். பதினான்கு வயதுத் தோளுக்கு 260 கிராமுக்குக் குறையாத பந்தை முழுவீச்சில் நூறு தடவை அடிக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. புளோட் நாற்பது போதும். வலி வந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்த வேண்டும்.

ஜம்ப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஜம்ப் டொப்ஸ்பின் பார்க்க அழகுதான். உலகத்தர ஆண்கள் அடிக்கும்போது மணிக்கு 120 கிலோமீற்றரைத் தாண்டுகிறது. நம் பிள்ளைக்கு இப்போது அது வேண்டாம். ஜம்ப் புளோட் வேறு விஷயம், அது புளோட்டின் மூத்த பிள்ளை. கை அதே கை, டொஸ்ஸும் குட்டைதான், இரண்டு மூன்று எட்டு ஓடி எழும்புவதால் அடிக்கும் இடம் உயர்ந்து பந்து தட்டையாகப் போகும். எழும்பும்போது பின்கோட்டை மிதிக்காமல் இருந்தால் சரி, அடித்த பிறகு கோர்ட்டுக்குள் விழலாம். ஆனால் மணலில் கால் புதைந்து பாதி எழும்பல் அங்கேயே போய்விடும். அதைப் பாடசாலைத் தரையில் பிறகு பழகட்டும்.

ஆக, அவளுக்கு நான் வைத்த பாடம் இப்படி. முதல் மூன்று நாள் அடியே இல்லை. குதிக்காலால் மணலில் ஒரு வட்டம் கீறி, பந்தைத் தூக்கி அடிக்காமல் விட வேண்டும், வட்டத்துக்குள் விழ வேண்டும். அவளுக்கு இது பிடிக்கவே இல்லை. "இது சின்னப் பிள்ளைகளின் விளையாட்டு" என்று முகத்தைச் சுளித்தாள். கோட்டைப் பக்கமிருந்து வந்த இரண்டு மான்கள் குப்பைத் தொட்டியடியில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தன, அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. நான்காம் நாள் வலைக்கு ஆறு மீற்றரில் நின்று தட்டினாள். அப்புறம் ஒவ்வொரு நாளும் ஒரு எட்டுப் பின்னால். பின்கோட்டுக்குப் போய்ச்சேர இரண்டு கிழமை ஆனது.

போன வெள்ளிக்கிழமை எண்ணிப் பார்த்தோம். இருபதில் பதினொன்று உள்ளே. மருமகன் எதிர்ப்பக்கம் நின்று எடுத்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டாவதோ பதின்மூன்றாவதோ, மஞ்சளும் நீலமும் தனித்தனியாகத் தெரிந்த ஒரு பந்து அவனுடைய நெஞ்சுக்கு நேரே வந்து, கையை நீட்டினபோது விலகி முழங்கையில் பட்டுத் தெறித்தது.

"காற்று" என்றான்.

"எனக்கும் அதே காற்றுத்தானே அண்ணா" என்று சொல்லிவிட்டு அடுத்த பந்தைக் கையில் எடுத்தாள்.