மூன்று பத்தி நோட்டு: ஆங்கில வினைகளோடு ஆறு ஆண்டுகள்

யாங்கூனில் சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் ஆங்கிலக் கடிதம் எழுதுவது என் வேலை. ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு நோட்டில் தமிழ், பர்மியம், ஆங்கிலம் என மூன்று பத்திகள் வரைந்து, அன்றாடம் வாயில் வரும் வாக்கியங்களை எழுதத் தொடங்கினேன். பள்ளியில் ஆங்கில வினையின் 12 வடிவங்களை வாய்ப்பாடாக ஒப்பித்திருந்தேன்; அது மூன்று காலங்களை நான்கு வினைநிலைகளால் (செயல் நடந்துகொண்டிருக்கிறதா, முடிந்ததா என்பது போன்றவற்றைக் காட்டும் வடிவங்களால்) பெருக்கிய கணக்கு என்பது நோட்டில் எழுதிய பிறகே விளங்கியது.

எதிர்பாராமல் உதவியது பர்மியப் பத்தி. பர்மிய வினை காலம் காட்டுவதில்லை. 'சா தே' என்பது சாப்பிட்டேன் என்றும் ஆகும், வழக்கமாகச் சாப்பிடுகிறேன் என்றும் ஆகும். ஆனால் வினைநிலையை அது கறாராகப் பிரிக்கும்: 'நே' சேர்ந்தால் செயல் நடந்துகொண்டிருக்கிறது, 'பீபீ' சேர்ந்தால் முடிந்துவிட்டது, 'பூ' சேர்ந்தால் ஒருமுறையேனும் அந்த அனுபவம் உண்டு. தெருவில் கண்டதும் கேட்கும் 'தமின் சா பீபீலா' (சாப்பிட்டாயிற்றா) என்பதையும், 'பகான் துவா பூலா' (பகான் ஊருக்குப் போனதுண்டா) என்பதையும் ஆங்கிலம் 'ஹேவ்' ஒன்றைக் கொண்டே கேட்டுவிடுகிறது.

நான் சறுக்கியதெல்லாம் தாய்மொழிப் பத்தியில்தான். 'கன்டெய்னர் நேற்று வந்திருக்கிறது' என்பது நல்ல தமிழ். அதையே 'ஹேஸ் அரைவ்ட் எஸ்டர்டே' என்று எழுதியபோது மேலாளர் சிவப்பு மையால் அடித்துத் திருப்பித் தந்தார். 'ஹேஸ்' இந்த நொடியைத் தொட்டு நிற்பதால், நேற்று, போன வாரம் என்று முடிந்துபோன பொழுதைக் குறிக்கும் சொல்லோடு சேராது. மாறாக, 'பத்து ஆண்டுகளாக இங்கே வசிக்கிறேன்' என்பதற்குத் தமிழில் நிகழ்காலமே போதும். ஆங்கிலமோ 'ஹேவ் பீன் லிவிங்' என்று தொடக்கத்தையும் சேர்த்துக் கேட்கிறது.

'ஹேவ்' என்பதன் இறந்தகால வடிவமான 'ஹேட்' இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. 'அவர் நேற்று வந்திருந்தார்' என்று நாம் சும்மாவே சொல்வோம். ஆங்கிலத்தில் அதற்குப் பின் நடந்த வேறொரு நிகழ்வு பேச்சில் இருந்தாக வேண்டும்.

இம்முறையின் பெருங்குறை, பின்பக்கத்தில் விடைகள் இல்லாததுதான். திருத்த ஆள் இல்லாதவர் தம் தவறுகளையே அழகாகத் தொகுத்து வைத்திருப்பார். எனக்கு மேலாளரின் சிவப்பு மை இருந்தது. இப்போது மூன்றாவது நோட்டு நடக்கிறது. அதில் 'ஹேட்' பக்கத்தின் பர்மியப் பத்தியில் பாதி வரிகள் காலியாகவே உள்ளன.