தென்னந்தோப்பு காட்டிக்கொடுத்த பிழை: ஆர்ஃபியோ டூல்பாக்ஸைச் சேவையாக ஓட்டிய ஐந்து ஆண்டுகள்

காவிரி டெல்டாவின் பயிர்ப் பசுமையை ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2 எடுக்கும் படங்களிலிருந்து கணக்கிட ஒரு சர்வர் அமைத்து ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. பிரெஞ்சு விண்வெளி முகமை சிஎன்இஎஸ் உருவாக்கிய ஆர்ஃபியோ டூல்பாக்ஸ் கணக்கைப் போடுகிறது. ஜூ-பிராஜெக்ட் என்ற மென்பொருள் அதை டபிள்யூபிஎஸ் சேவையாக்கித் தருகிறது, அதாவது இணையம் வழியாகவே கணக்கைக் கேட்டு விடை பெறும் முறை. இரண்டும் இலவசம். எங்கள் குழுவில் லினக்ஸ் கட்டளை எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் தேதியையும் தாலுகாவையும் தேர்ந்தெடுத்தால் வரைபடம் வந்துவிட வேண்டும். அதற்குத்தான் இத்தனை பாடு.

நிறுவ இரண்டு நாள் ஆனது. ஒவ்வொரு கருவிக்கும் எது உள்ளே போகும், எது வெளியே வரும் என்று ஒரு கோப்பு எழுத வேண்டும். சலிப்பான வேலைதான், கடினமில்லை.

முதல் அடி காத்திருப்பில் விழுந்தது. சென்டினல் படத்தின் ஒரு சதுரக் கட்டம், ஒரு பிக்சல் தரையில் 10 மீட்டரைக் காட்டும் நிறப்பட்டையில், 10,980-க்கு 10,980 பிக்சல். பன்னிரண்டு கோடிக்கும் மேல். சிறு துண்டில் சோதித்தபோது நொடியில் வந்த விடை, முழுக் கட்டத்துக்கு வரவே இல்லை. கணக்கு முடியும் முன்பே இணையச் சர்வர் மென்பொருளான அப்பாச்சி 60 நொடியில் இணைப்பைத் துண்டித்தது. பொறுமையிழந்தவர் மறுபடி அழுத்துவார். இன்னொரு கணக்கு தொடங்கும். ஒரு மதியம் ஒரே கணக்கு ஒன்பது முறை ஓடிக்கொண்டிருந்தது. வேண்டுகோளைப் பெற்றதும் நிலையறியும் முகவரி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் பின்னணியில் கணக்கிடும் வசதி டபிள்யூபிஎஸ்ஸிலேயே இருக்கிறது. முதல் நாளே அதைப் போட்டிருக்க வேண்டும். நினைவகம் தொல்லை தரவில்லை. ஆர்ஃபியோ படத்தைத் துண்டு துண்டாகப் படிப்பதால் 8 ஜிபி போதுகிறது.

பெரிய அடி பிறகு வந்தது. 2022 ஜனவரிக் கடைசியில் பசுமைக் குறியீடு சட்டென்று இறங்கியது. சம்பா அறுவடைக் காலம் என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை, நானும்தான். மூன்று வாரம் கழித்து உடன் பணிபுரியும் பெண் ஒருவர் கேட்டார்: “சார், தென்னந்தோப்பையுமா அறுத்துவிட்டார்கள்?”

ஜனவரி 25 முதல் வந்த படங்களில் ஒவ்வொரு பிக்சல் மதிப்போடும் 1000 கூட்டப்பட்டிருந்தது. குறியீட்டில் அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழிக்கும்போது அது அடிபட்டுப்போகும். அந்த வித்தியாசத்தை வகுப்பதற்காக இரண்டையும் கூட்டும்போது 2000 மிஞ்சிவிடும். அகச்சிவப்பு 3000, சிவப்பு 500 என்றால் 0.71 வர வேண்டிய இடத்தில் 0.45 வரும். படங்களைத் தரும் ஐரோப்பிய விண்வெளி முகமை இதை முன்கூட்டியே அறிவித்திருந்தது. படத்தோடு வரும் விவரக் கோப்பிலும் −1000 என்று எழுதியிருக்கிறது. என் சேவைதான் அந்தக் கோப்பைத் திறக்கவே இல்லை. கையால் கட்டளை அடித்த காலத்தில் எண்களை ஒருமுறையாவது கண்ணால் பார்ப்பேன்; சேவையான பிறகு பார்க்க ஆளில்லை.

இப்போது விவரக் கோப்பைப் படித்த பிறகே கணக்கு தொடங்குகிறது. கூடவே பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தோப்பு ஒன்றைக் காவலுக்கு வைத்திருக்கிறேன்: அதன் பசுமை வழக்கத்தைவிட இறங்கினால் எனக்கு மின்னஞ்சல் வரும். நவம்பரில் மேகம் மூடினாலும் வந்துவிடுகிறது. நிறுத்த மனம் வரவில்லை.