குன்னூர் ஏற்றத்தில் திணறும் டர்போ: ஸ்டேஜ் 2வா, இன்டர்கூலரா, பெரிய டர்போவா?

பர்லியார் தாண்டி மூணாவது கியரில் மிதித்தால் முதுகை சீட்டோடு ஒட்டவைக்கிற என் வண்டி, போன மாதம் முன்னால் போன காய்கறி லாரியைக்கூடத் தாண்டமுடியாமல் சத்தம் மட்டும் போட்டது. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல், மேனுவல் கியர், ஸ்டேஜ் 1 ரீமேப் (கூடுதல் பவருக்காக இன்ஜின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றுவதில் முதல் படி), கம்பெனிப் பெட்டி இல்லாத ஓப்பன் ஏர் ஃபில்டர். "மலைக்கு வந்தா எல்லா வண்டியும் இப்படித்தாண்ணா" என்றான் கூட வந்த தம்பி. பாதி உண்மை. அந்தப் பாதியைக் கழித்துப் பார்த்தால்தான் மீதி எங்கே போச்சு என்று தெரியும்.

கழிப்பது சுலபம். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரை மாட்டி, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரின் ரீடிங்கைப் பாருங்கள். மேட்டுப்பாளையத்தில் 97 கிலோபாஸ்கல் பக்கம் காட்டும். 7,350 அடியில் இருக்கிற ஊட்டியில் 77தான். டர்போ இல்லாத வண்டிக்கு இந்த வித்தியாசம் அப்படியே பவரில் விழும். கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு காலி. அதை எந்த ஃபில்டரும் எந்த எக்ஸாஸ்ட்டும் திருப்பித் தராது. தம்பியின் வண்டி அந்த ரகம். அவன் எக்ஸாஸ்ட்டுக்குக் கொட்டிய காசுக்குச் சத்தம் வந்தது, அவ்வளவுதான்.

டர்போ வண்டி குறைந்த காற்றையும் இழுத்து அமுக்கிச் சமாளித்துவிடும். ஆனால் சும்மா இல்லை. கீழே வெளிக்காற்றை இரண்டு மடங்கு அமுக்கினால் கிடைக்கிற அதே அழுத்தத்துக்கு ஊட்டியில் இரண்டரை மடங்குக்கு மேல் அமுக்க வேண்டும். டர்போ இன்னும் வேகமாகச் சுற்றும், காற்று இன்னும் சூடாகும். அதனால்தான் பல கம்பெனி ஈசியூக்கள் (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்கள்) உயரம் போகப் போக பூஸ்ட்டை, அதாவது டர்போ கூட்டித் தரும் அழுத்தத்தை, தாமாகவே குறைக்கின்றன. ரீமேப் செய்கிறவரிடம் "அந்த லிமிட்டைத் தொட்டீங்களா?" என்று கட்டாயம் கேளுங்கள். ஒரு சின்ன எச்சரிக்கை: டேஷ்போர்டில் ஒட்டுகிற சாதா பூஸ்ட் கேஜ் வெளிக்காற்றுக்கு மேல் எவ்வளவு என்றுதான் காட்டும். கீழேயும் 1 பார், ஊட்டியிலும் 1 பார் என்றால் ஊட்டியில் இன்ஜினுக்குப் போவது குறைவு.

என் வண்டிக்கு வருவோம். காலை ஐந்தரைக்குக் கல்லாறுக்குக் கீழே காலி ரோட்டில் மூணாவது கியரில் மிதித்து ஸ்கேனரில் ஒரு பதிவு எடுத்தேன். ஈசியூ கேட்டது வெளிக்காற்றையும் சேர்த்து 1.9 பார், கிடைத்தது 1.5. சமதளத்திலேயே இந்த நிலை என்றால் மலைமேல் பழி போடமுடியாது. பானட்டைத் திறந்தால், டர்போ சூடாக்கிய காற்றை ஆற்றும் இன்டர்கூலரிலிருந்து, இன்ஜினுக்குள் காற்றை விடும் த்ராட்டிலுக்குப் போகும் ரப்பர் ஹோஸின் வாயில் கருப்பாக எண்ணெய்ப் பிசுக்கு, அதன்மேல் செம்மண் ஒட்டியிருந்தது. குழாய்க்குள் புகை ஊதிப் பார்க்கும் ஸ்மோக் டெஸ்ட் வைத்ததும் ஊதுபத்திப் புகை மாதிரி மெல்லிசாக அங்கிருந்தே கிளம்பியது. கிளாம்ப் பைப்பின் விளிம்பைத் தாண்டி உட்காராமல், விளிம்பின்மேலேயே இறுக்கப்பட்டிருந்தது. ஹோஸை உள்ளே தள்ளிப் புது கிளாம்ப் போட்டேன். 1.8 வந்துவிட்டது. ஸ்டேஜ் 2வுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போன ஆள் நான்!

இனி அப்கிரேடு. மூன்றில் எது?

பெரிய டர்போவை முதலிலேயே தள்ளிவிடுகிறேன். மேட்டுப்பாளையம்–குன்னூர் ரோட்டில் 14 கொண்டை ஊசி வளைவு. இரண்டாவது கியரில் 1,800 ஆர்பிஎம்மில் வளைந்து வெளியே வருகிறோம். பெரிய டர்போ விழித்துக்கொள்வதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். மெல்லிய காற்றில் அது இன்னும் தாமதமாகும். கோவையின் சமதள அவிநாசி ரோட்டுக்கு வேண்டுமானால் நல்ல சாமான்.

ஸ்டேஜ் 2 என்றால் டவுன்பைப்பை (டர்போவிலிருந்து இறங்கும் எக்ஸாஸ்ட் குழாயை) மாற்றுவதோடு சேர்த்து இன்னும் காரமான ரீமேப். குதிரைத்திறன் கணக்கில் இதுதான் ஜெயிக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதற்காகப் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றினால் புகைச் சான்றிதழ், வண்டியை மாற்றியமைப்பது பற்றிய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வாரண்டி, மூன்றும் இடிக்கும். 95 ஆக்டேன் பெட்ரோலுக்கு எழுதிய ரீமேப்புக்கு அந்தப் பெட்ரோலே வேண்டும். நான் கீழேயே டேங்கை நிரப்பிக்கொண்டு ஏறுகிறேன். இதற்கெல்லாம் மேலே சூடு. காட்டேரி பக்கம் பஸ்ஸுக்குப் பின்னால் பத்து நிமிடம் ஊர்ந்தபோது உள்ளே போகும் காற்று 62 டிகிரி காட்டியது. அந்தச் சூட்டில் நாக்கிங் (பெட்ரோல் கண்டபடி தானாக வெடிப்பது) வராமலிருக்க ஈசியூ இக்னிஷன் டைமிங்கை, அதாவது பிளக் பொறி விடும் நேரத்தை, பின்னுக்கு இழுக்கும். காசு கொடுத்து வாங்கிய பவர் அங்கேயே போய்விடும்.

ஆகவே என் ஓட்டு பெரிய இன்டர்கூலருக்கு. பேப்பரில் குதிரைத்திறன் எண் பெரிதாக ஏறாது. பஸ்ஸுக்குப் பின்னால் நிற்கும்போது அதுவும் சூடாகத்தான் செய்யும், காற்றோட்டம் இல்லையே. ஆனால் வழி கிடைத்து நகர்ந்ததும் சீக்கிரம் ஆறிவிடும். மூணாவது தடவை மிதித்தாலும் முதல் தடவை மாதிரியே இழுக்கும். மலை ரோட்டுக்கு வேண்டியது அதுதான். ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள்: சில சின்ன டர்போ வண்டிகளில் தண்ணீரில் குளிரும் இன்டர்கூலர் இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே இருக்கும். அதில் முன்பக்க இன்டர்கூலர் மாட்டுவது பெரிய வேலை. முதலில் அதன் கூலன்ட் பம்ப் ஓடுகிறதா என்று பாருங்கள்.

ஓப்பன் ஃபில்டரையும் கழற்றிவிட்டு கம்பெனி ஏர்பாக்ஸையே திரும்ப மாட்டிவிட்டேன். பானட்டுக்குள் இருக்கிற சூட்டையே அது குடித்துக்கொண்டிருந்தது. உஸ் உஸ் சத்தம் போனதில் தம்பிக்கு மட்டும் வருத்தம்.

டவுன்பைப்புக்கு ஒதுக்கிய காசில் முன் பிரேக் பேட், புது டாட் 4 பிரேக் ஆயில், நாலு டயர். ஏறினதை இறக்கியாக வேண்டுமே. இன்டர்கூலர் வேலை மட்டும் மே மாத சீசன் முடிந்து; அதுவரை இந்த ரோட்டில் மிதிக்க எங்கே இடம்?