சைவ வீட்டுக்குத் தயிர்ச்சட்டியா, வீட்டுப் பலகாரமா?

மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் சமைக்காத வீட்டில் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். கையில் என்ன கொண்டுபோவது? மட்டக்களப்புக்காரருக்கு முதலில் தோன்றுவது எருமைத் தயிர்ச்சட்டி. அப்புறம் நாமே செய்த பலகாரம்.

சந்தேகம்
தயிர்: பாலும் உறையும்தான். யாரும் துருவிக் கேட்க மாட்டார்கள்.
பலகாரம்: இங்கேதான் வில்லங்கம். கேக்கிலும் வட்டிலப்பத்திலும் முட்டை இருக்கிறது. ஜெலட்டின் மாட்டுத் தோல், எலும்பு, பன்றித் தோல் போன்றவற்றில் இருந்து வருவது. புடிங் செய்பவர்கள் பக்கெற்றைப் படித்துப் பார்க்க வேண்டும். மீன் பொரித்த எண்ணெயில் முறுக்கு சுட்டால் அதுவும் மச்சம்தான். ஒருமுறை சீனிச்சம்பல் கொண்டுபோனேன். மாசிக் கருவாடு போட்டது வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் ஞாபகம் வந்தது. போத்தல் பையை விட்டு வெளியே வரவேயில்லை!

தாங்குவது
தயிர்: வெயிலில் புளித்துவிடும். அன்றே சாப்பிட்டால் நல்லது.
பலகாரம்: முறுக்கு, எள்ளுருண்டை நாள்கணக்கில் இருக்கும்.

கொண்டுபோவது
தயிர்: மண்சட்டி. கல்முனை பஸ்ஸில் மடியில் வைத்தபடி போக வேண்டும்.
பலகாரம்: டப்பாவில் போட்டால் சரி.

முதல்முறை போகிற வீடு, அவர்களுடைய ஒழுங்கு தெரியாது என்றால் தயிர்தான். கித்துள் பாணியும் சேர்த்துக் கொடுக்கலாம். நன்கு பழகிய வீடு, பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்றால் புது எண்ணெயில் சுட்ட முறுக்கு. கந்தசஷ்டி நாட்களில் மட்டும் முதலில் போன் பண்ணிக் கேளுங்கள்; சிலர் பாலும் பழமும் மட்டுமே எடுப்பார்கள். அப்போது ஒரு சீப்பு வாழைப்பழம் போதும்.